எங்கள் வட்டாரத்தின் வறுமை எவ்வளவு, மாப்பிள்ளை?

அன்பிலும் பொறுமையிலும் என்னைத் தோற்கடித்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அத்தையின் ரத்த அழுத்தமும் முழங்கால் வலியும்கூட வழக்கம்போல் சௌக்கியமாகவே இருக்கின்றன. அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றும். நன்றி சொல்வதற்குப் போன் சரிப்படாது மாப்பிள்ளை. நான் 'நன்றி' என்று வாயைத் திறப்பதற்குள் நீங்கள் "அதெல்லாம் எதுக்கு மாமா" என்று நடுவில் புகுந்து, பேத்தியின் கையில் போனைக் கொடுத்துவிடுவீர்கள். அவள் பூனையின் வாலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆகவே உட்கார்ந்து முழுவதையும் படியுங்கள்.

உங்கள் வேலை என்னவென்றே கல்யாணமாகி இத்தனை வருஷமாக எனக்குப் பிடிபடவில்லை. யாராவது கேட்டால் "கம்ப்யூட்டரில் பெரிய வேலை" என்று ஒரே போடாகப் போட்டு வாயை அடைத்துவிடுவேன். உங்கள் வீட்டுக்காரி ஒருமுறை விளக்கத்தான் செய்தாள். "அப்பா, எந்த மாவட்டத்துல எத்தனை பேர் ஏழைங்க, எந்த வருஷம் எவ்வளவு இருந்துச்சுன்னு யார் கேட்டாலும் இவங்க கட்டி வெச்சிருக்கிற சேவை பதில் குடுக்கும். இணையத்துல ஒரு முகவரி. கேள்வியை அந்த முகவரியிலயே எழுதி அனுப்பினா, எண் வந்துடும்." அன்றைக்கு நான், "ஏழைங்க எத்தனை பேர்னு யாரும்மா கேக்கப் போறாங்க? இதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கறாங்க?" என்று சிரித்தேன். அந்தச் சேவையை இந்த மாதம் என்னை மாதிரி அடித்துத் துவைத்துக் காயப்போட்டவன் வேறு எவனும் இருக்க மாட்டான்.

விஷயம் நீங்கள் அறிந்ததுதான். இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும். எங்கள் தெருக்கோடியில், சலவைக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறதே இலவசக் கிளினிக், அதை மூடப்போவதாக நகரசபையின் சுகாதாரக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. ஒரே அறை, ஒரு நர்ஸம்மா, எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று, கால் ஆடும் பெஞ்சு ஒன்று. அவ்வளவுதான் கிளினிக். ஆனால் இந்தத் தெருவில் பாதிப் பேர் உடம்பு அந்தப் பெஞ்சை நம்பித்தான் ஓடுகிறது. அத்தைக்கு மாத்திரை அங்கேதான். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவளால் நடந்து போகமுடிகிற ஒரே ஆஸ்பத்திரியும் அதுதான். அதை மூடினால் இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ் படியை ஏறுவதா, மாத்திரையை நிறுத்துவதா என்று கேட்டால் அத்தை எதைச் சொல்வாள் என்று உங்களுக்குத் தெரியும். கடிதத்தில் காரணம் போட்டிருந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் நூற்றுக்குப் பதினோரு பேர்தான் ஏழைகளாம். இருபதுக்குக் கீழே இருந்தால் இலவசக் கிளினிக் அவசியமில்லையாம். அதைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்தத் தெருவை ஒரு தடவை நடந்து பார்த்தவன் பதினொன்று என்று எழுதுவானா?

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர் தையல்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். செயலாளர் நான். வேலையில் இருந்த காலம் முழுக்க எடை மேடையில் லாரி லாரியாக நிறுத்து எழுதிக் கொடுத்தவன் என்பதால், எண் சம்பந்தப்பட்ட தொல்லை எல்லாம் என் தலையில்தான் விடியும். "சார், உங்க மாப்பிள்ளை ஏதோ வறுமைக் கணக்குலதானே இருக்காரு? அவரைக் கேட்டு நீங்களே சரியான எண்ணை எடுத்துட்டு வந்துடுங்க" என்று தலைவர் வாயில் ஊசியை வைத்துக்கொண்டே தீர்மானம் போட்டுவிட்டார். நானும் மார்தட்டிக்கொண்டு ஒப்புக்கொண்டேன். உங்களைக் கேட்டதற்கு அன்றைக்கே முகவரியையும் எழுதும் விதத்தையும் அனுப்பிவைத்தீர்கள். முகவரிக்குப் பின்னால் இடத்தின் குறியீடு, வருஷம், வறுமைக்கோடு மூன்றையும் போட வேண்டும் என்று பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல் எழுதியிருந்தீர்கள். குழந்தையாக இருந்தால் சரியாகப் போட்டிருக்கும்.

ஜெராக்ஸ் கடையில் போய் உட்கார்ந்தேன். அங்கே கம்ப்யூட்டரும் இருக்கிறது. அந்தக் கடைக்காரம்மாவுக்கு முன்கோபம் உண்டே தவிர நல்ல மனசு. இடத்தின் குறியீடு என்பது ஏதோ தபால் எண் மாதிரி, தெரியாவிட்டால் விட்டுவிடலாம் என்று நினைத்து அந்த இடத்தைக் காலியாக விட்டேன். பொத்தானை அழுத்தியதும் திரை முழுக்க அடைப்புக்குறியும் காற்புள்ளியும் எண்ணுமாகக் கொட்ட ஆரம்பித்தது. ஆகா, பதில் வந்துவிட்டது என்று "அம்மா, இதை அப்படியே அச்சடிச்சுடுங்க" என்றேன். அந்த இயந்திரம் அச்சடித்தது, அச்சடித்தது, அச்சடித்துக்கொண்டே இருந்தது. அடையாள அட்டை நகலெடுக்க வந்தவர்கள் எல்லாம் என் பின்னால் வரிசையில் நின்று, யாருக்கு என்ன சொத்துப் பத்திரமோ என்று எட்டிப் பார்த்தார்கள். "சார், நிறுத்தட்டுமா?" "இருங்கம்மா, நம்ம ஊர் இன்னும் வரலை." "இது என்ன சார், தேசம் முழுக்க வருது! என்னதான் கேட்டீங்க அதுகிட்ட?" நான் ஒன்றுமே கேட்கவில்லை, அதனால்தான் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் புரிந்தது. எல்லா மாவட்டமும், எல்லா வருஷமும், நான் பிறப்பதற்கு முந்தின வறுமை உட்பட! கடைசியில் காகிதம் தீர்ந்து இயந்திரமே கை விரித்துவிட்டது. கடைக்காரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்கள் பாருங்கள், அதை அச்சடித்திருந்தால் இன்னும் ஒரு கட்டுக் காகிதம் ஆகியிருக்கும்.

அடுத்தது அந்த வறுமைக்கோடு. கோட்டுக்குக் கீழே செலவழிப்பவன் ஏழை, மேலே செலவழிப்பவன் ஏழை இல்லை, கோட்டை எங்கே போடுவது என்பதைக் கேட்பவரே சொல்லலாம் என்று எழுதியிருந்தீர்கள். என்ன தாராளம் என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் பணக்காரர்களும் இல்லை, ஏழைகளும் இல்லை. ஆகவே எங்களைவிடக் குறைவாகச் செலவழிப்பவன்தானே ஏழை? வீட்டுக்கு வந்து அத்தையிடம் மாதச் செலவு எவ்வளவு என்று கேட்டேன். "எதுக்கு இப்ப திடீர்னு கணக்கு? நான் என்ன ஒளிச்சா வெச்சிருக்கேன்?" என்று முறைத்துவிட்டு ஒரு தொகை சொன்னாள். அதைக் கொண்டுபோய்க் கோடாகப் போட்டேன். மாவட்டக் குறியீட்டையும் இந்தத் தடவை மறக்காமல் போட்டேன். பதில் வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு!

எனக்குத் தலை கால் புரியவில்லை மாப்பிள்ளை. பதினொன்று என்று எங்கள் காதில் பூச்சுற்றியவர்களின் குட்டு உடைந்தது என்று துள்ளிக்கொண்டு தலைவரின் கடைக்கு ஓடினேன். மாலைநேரம், சங்கத்துக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். "தொண்ணூத்தேழு பேர் ஏழைங்க!" என்று அறிவித்தேன். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். தலைவர்தான் முதலில் பேசினார். "அப்போ நானுமா சார்?" பிறகு எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "மீதி மூணு பேர் யாரு?" என்று ஆரம்பித்தார்கள். அங்கே பிடித்தது வம்பு. இரும்புக்கடை மீசைக்காரர் எழுந்து, "என்னை ஏழைன்னு எழுதிக் குடுத்தா நல்லா இருக்காது, சொல்லிட்டேன். அந்த மூணுல ஒண்ணு நான்" என்றார். அப்படியானால் அவர் தம்பி? "அவன் தொண்ணூத்தேழுலயே இருக்கட்டும், எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை" என்றார். சலவைக் கடைக்காரர் தன் பெண்ணுக்கு வரன் பார்ப்பதாகவும், கல்யாணம் முடியும்வரை தன்னை மேலே வைத்துவிட்டு அப்புறம் கீழே இறக்கிக்கொள்ளும்படியும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டார். கிளினிக்கை எல்லாரும் மறந்தே போனார்கள்.

அப்போதுதான் உங்களுக்குப் போன் போட்டேன். நினைவிருக்கும்.

"மாமா, அந்தக் கோட்டு இடத்துல என்ன போட்டீங்க?"

"எங்க வீட்டு மாசச் செலவு, மாப்பிள்ளை."

அந்தப் பக்கம் நீங்கள் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"மாமா, அது ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு."

பின்னால் என் மகள் சிரித்தது எனக்கு நன்றாகவே கேட்டது. விழுந்து விழுந்து சிரித்தாள். அவளிடம் சொல்லுங்கள், அவள் அப்பனுக்குக் காது இன்னும் செத்துவிடவில்லை. ஆனால் நீங்கள் சிரிக்கவில்லை. "ஒரு மாசச் செலவைத் தினம் செய்யறவங்க நூத்துக்கு மூணு பேர் இருக்காங்கன்னு தெரிஞ்சுதே, அதுவும் ஒரு தகவல்தான் மாமா" என்று என் மானத்தைக் காப்பாற்றினீர்கள். அதற்காக என் முதல் நன்றி. இதை எழுதும்போதே கண் கலங்குகிறது. பெற்ற பிள்ளையாக இருந்தால் சிரித்திருப்பான்.

நீங்கள் சொன்னபடி சர்க்கார் போடும் ஒரு நாள் கோட்டைப் போட்டதும் தொண்ணூற்றேழு சறுக்கி விழுந்து பதினொன்றில் நின்றது. நகரசபைக்காரர்கள் எழுதிய அதே பதினொன்று. "என்ன மாப்பிள்ளை, எண்பத்தாறு பேரை ஒரே நொடியில கைவிட்டுட்டீங்களே!" என்று உங்கள்மேலேயே பாய்ந்தேன். கொஞ்சமும் கோபப்படாமல் சொன்னீர்கள்: "மாமா, அவங்க எண் பொய் இல்லை. ஆனா அது முழு மாவட்டத்துக்கு. மேட்டுல இருக்கிற பங்களா எல்லாம் அதுல சேர்த்தி. மாவட்டக் குறியீட்டுக்குப் பதிலா உங்க வட்டாரத்துக் குறியீட்டைப் போட்டுப் பாருங்க." இதை நீங்கள் சொன்னதும் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. எடை மேடையில் வண்டியோடு நிறுத்தால் சரக்கின் எடை தெரியாது. வண்டியைக் கழிக்க வேண்டும். இவர்கள் பங்களாவையும் சேர்த்து நிறுத்திருக்கிறார்கள்! மறுபடி ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். கடைக்காரம்மா என்னைக் கண்டதுமே காகிதத் தட்டை உருவி மடியில் வைத்துக்கொண்டார்கள். வட்டாரக் குறியீட்டைப் போட்டேன். நாற்பத்தொன்று வந்தது. நூற்றுக்கு நாற்பத்தொன்று, மாப்பிள்ளை! கடைக்காரம்மா திரையைப் பார்த்துவிட்டு, "இது நம்ம தெருவா சார்?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அவர்கள் தட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, "அடிச்சுக்குங்க" என்றார்கள்.

நான் அந்த ஒற்றை எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக இருந்தேன். நீங்கள்தான் தடுத்தீர்கள். "ஒரு எண்ணை மட்டும் குடுத்தா, வேணுங்கறதைப் பொறுக்கி எடுத்துட்டு வந்தீங்கன்னு சொல்லுவாங்க மாமா. மாவட்டத்துல இருக்கிற எல்லா வட்டாரத்தையும் ஒரே அட்டவணையா எடுத்துக் குடுங்க. அப்பதான் நம்புவாங்க." எப்பேர்ப்பட்ட யோசனை! அதை எடுப்பதற்கு முகவரியில் எதை மாற்ற வேண்டும் என்று எழுத்து எழுத்தாகச் சொல்லி, நான் தப்பாக அடித்த ஒவ்வொரு தடவையும் "பரவாயில்லை மாமா, இன்னொரு தடவை" என்றீர்கள். உங்கள் சேவையும் உங்களை மாதிரியேதான். நான் எத்தனை முட்டாள்தனமாகக் கேட்டாலும் முகம் சுளிக்காமல், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது. என் சர்வீஸில் எந்த மேலாளரும் இப்படி இருந்ததில்லை.

சுகாதாரக் குழுக் கூட்டத்துக்கு நானும் தலைவரும் போனோம். நீளமான மேஜை, ஓடாத மின்விசிறி, தண்ணீர்க் குவளை. மேஜையின் தலைப்பக்கத்தில் சுகாதார அதிகாரியம்மா. கடுகடுவென்று இருப்பார்கள் என்று பயந்துகொண்டு போனேன். அப்படி இல்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, "சொல்லுங்க ஐயா" என்றார்கள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தலைவர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். அந்த வலியில் வாய் திறந்தது. பங்களாவையும் எங்களையும் ஒன்றாக நிறுத்தியதைச் சொன்னேன், கிளினிக் பெஞ்சைச் சொன்னேன், அத்தையின் முழங்காலைச் சொன்னேன், நாற்பத்தொன்றைச் சொன்னேன். அட்டவணையை நீட்டினேன். அந்த அம்மா தன் கம்ப்யூட்டரில் அதே முகவரியை அடித்து, என் எண் சரிதானா என்று அங்கேயே பார்த்தார்கள். என் உயிர் என் கையில் இல்லை. "சரியாத்தான் இருக்கு. இதை நாங்களே கேட்டுப் பார்த்திருக்கணும்" என்றார்கள். "மூடற உத்தரவை நிறுத்தி வைக்கிறோம். இந்த அட்டவணை எங்கிட்டயே இருக்கட்டும், முழுசாப் படிக்கணும்." அவ்வளவுதான்! தலைவர் என்னைக் கட்டிப்பிடித்ததில் அவர் சட்டைப்பையில் இருந்த ஊசி என்னைக் குத்தியது. அதுகூட எனக்கு இனித்தது.

தெருவுக்குத் திரும்பியதும் ஒரே ஆரவாரம். மீசைக்காரர் தம்பியோடு பேசிவிட்டார், பேசியது சண்டைதான் என்றாலும். அத்தை எனக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்துவிட்டு, "மாப்பிள்ளைக்குச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். எங்கள் வயிற்றில் பாலை வார்த்தீர்கள் மாப்பிள்ளை. எண்களை அடுக்கி வைத்துக் கேட்பவர்க்கெல்லாம் கொடுப்பது ஒரு வேலையா என்று சிரித்த வாயாலேயே சொல்கிறேன், அதைவிடப் பெரிய வேலை இல்லை. முக்கியமாக, அந்த முழு அட்டவணையைக் கொடுக்கச் சொன்ன யோசனைக்கு நான் எத்தனை தடவை நன்றி சொன்னாலும் தகும்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், மனம் கோணாமல், கேட்டதெல்லாம் கேட்ட மாத்திரத்தில் கிடைத்து, நீடூழி வாழ வேண்டும். பேத்திக்கு எங்கள் முத்தங்கள். பூனைக்கு அத்தையின் விசாரிப்பு. என் மகளுக்கு ஆசி உண்டு, சிரித்ததற்காகக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவும்.

என்றும் உங்கள் நன்றியுள்ள மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அதிகாரியம்மாவே தையல் கடைக்கு வந்துவிட்டார்கள். கையில் நம்முடைய அட்டவணை. அதில் எங்கள் வரிக்கு இரண்டு வரி தள்ளி சிவப்பு மையில் ஒரு வட்டம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து வட்டாரம். நூற்றுக்கு அறுபத்து மூன்று. நாங்கள் யாருமே எங்கள் வரியைத் தாண்டிப் படிக்கவில்லை மாப்பிள்ளை. "அங்கே கிளினிக்கே கிடையாது ஐயா. எங்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு நர்ஸ், ஒரே ஒரு கிளினிக்குக்கான அனுமதி. எங்கே வைக்கட்டும்? நீங்களே சொல்லுங்க" என்றார்கள். மிரட்டிக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நிஜமாகவே கேட்டார்கள். தலைவர் என் முகத்தைப் பார்த்தார், மீசைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், நான் யார் முகத்தைப் பார்ப்பது? வாழ்நாளில் ஒரு லாரிக்காவது எடையை மாற்றி எழுதியவனாக இருந்தால் அப்போது உதவியிருக்கும். "அங்கேயே வைங்கம்மா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே மேலே அந்த அட்டவணை யோசனைக்குச் சொன்ன நன்றியை நான் வாபஸ் வாங்கிக்கொள்வதாகத்தான் எழுத உட்கார்ந்தேன். அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோது அவளே வந்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். அறுபத்து மூன்று என்பதை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அத்தனை பேரா? பாவம், இத்தனை நாள் மருந்துக்கு எங்க போனாங்களோ" என்றாள். பிறகு, "நன்றியை எல்லாம் அடிக்காதீங்க, அந்தப் பிள்ளை சரியாத்தான் சொல்லியிருக்கு" என்று என் கையிலிருந்து பேனாவை வாங்கி வைத்துவிட்டாள். ஆகவே நன்றி நன்றியாகவே இருக்கட்டும். ஆனால் ஒரே ஒரு கேள்வி, மாப்பிள்ளை. இனி மாத்திரை வாங்க அந்தப் பக்கம் போவதற்கு ரயில்வே மேம்பாலத்தில் ஏறி இறங்க வேண்டும். அதில் எத்தனை படி இருக்கிறது என்று கேட்டால் உங்கள் சேவை சொல்லுமா? இன்றைக்கே ஏறிப் பார்த்துவிட வேண்டுமென்று, மாத்திரைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பையும் போட்டுக்கொண்டு, அத்தை வாசலில் நின்று கேட்கிறாள்.